கைக்கு அடங்கும் கைப்பேசி எங்கே?

ஒகேனக்கல்லில் காவிரியை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்கு வேலை நேரத்தில் இரு கைகளும் ஒருசேர ஓய்வாக இருப்பதில்லை. பரிசல் ஓட்டுபவரின் கையில் துடுப்பு இருக்கும். எண்ணெய் தேய்த்து உடல் பிடித்துவிடுபவரின் கைகளில் எண்ணெய் வழியும். ஆற்றங்கரையில் மீன் வறுத்துக் கொடுக்கும் பெண்ணின் ஒரு கை கரண்டியை விட்டு விலகாது. ஆயினும், இவர்கள் அனைவருக்கும் கைப்பேசி இன்றியமையாததாகிவிட்டது. பயணிகள் யுபிஐ வழியாகப் பணம் செலுத்துகிறார்கள். அது வந்து சேர்ந்ததா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். பிலிகுண்டுலுவில் அளவிடப்படும் நீர்வரத்து உயர்ந்தால், அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. அந்தச் செய்தியும் இன்று கைப்பேசி வழியாகவே பரவுகிறது.

இத்தகையோர் கடைக்குச் சென்று, ஒரே கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் முழுத் திரையையும் இயக்கக்கூடிய அறிதிறன்பேசி வேண்டும் என்று கேட்டால், விற்பனையாளரிடம் காட்டுவதற்கு அநேகமாக எதுவும் இருக்காது. ஒருபுறம், பொத்தான்கள் கொண்ட சிறிய சாதாரணக் கைப்பேசிகள்; மறுபுறம், ஆறரை அங்குலத்தைத் தாண்டிய திரைகளைக் கொண்ட அறிதிறன்பேசிகள். இடைப்பட்ட அளவில் அரிதாகத் தென்படுபவை மிகுந்த விலை கொண்டவையாகவோ, பழைய சில்லும் மங்கலான கேமராவும் பொருத்தப்பட்டவையாகவோ இருக்கின்றன.

'அளவு சிறிதாக இருக்கட்டும்; திறன் குறையக் கூடாது' என்ற கோரிக்கை உலகெங்கும் பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. சிலரது தனிப்பட்ட ரசனை என்று கூறித் தொழில்துறை அதை ஒதுக்கிவிடுகிறது. யாருடைய கையை மனத்தில் கொண்டு ஒரு கருவி வடிவமைக்கப்படுகிறது என்ற கேள்வி அந்தக் கோரிக்கைக்குள் அடங்கியிருப்பதை அது பொருட்படுத்துவதில்லை.

திரை வளர்ந்த கதை

தமிழகத்தில் கைப்பேசி பரவலானது சிறிய கருவிகளின் வழியாகத்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலை, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் பல கோடிக் கைப்பேசிகளைத் தயாரித்து அனுப்பியது. அவை சட்டைப் பையிலும் சுருக்குப்பையிலும் இடுப்பு மடிப்பிலும் எளிதாக அடங்கின.

2007-இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2011-இல் சாம்சங் 5.3 அங்குலத் திரையுடன் 'கேலக்ஸி நோட்'டை அறிமுகப்படுத்தியபோது, இவ்வளவு பெரிய கருவியைக் காதில் வைத்துப் பேசுவதா என்று பலர் நகைத்தனர். அது நன்கு விற்பனையானது. 2014-இல் ஆப்பிள் நிறுவனமும் 4.7 அங்குலத்தில் ஐபோன் 6, 5.5 அங்குலத்தில் ஐபோன் 6 பிளஸ் என்று பெரிய திரைக்கு மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதும் இந்தியாவில் இணையத் தரவின் விலை சரிந்தது. காணொலி பார்ப்பது கைப்பேசியின் முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்றானது. அதற்குப் பெரிய திரை உகந்ததாக இருந்தது. இன்று புதிய அறிதிறன்பேசிகள் பெரும்பாலும் 6.3 முதல் 6.9 அங்குலம் வரையிலான திரைகளுடன் வருகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விளம்பரங்களில் சொல்லப்படும் அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள நீளம். 2017-க்குப் பிறகு திரைகள் நெடுக்கு வாட்டில் நீண்டு, ஓரச் சட்டங்கள் சுருங்கியதால், பழைய அங்குலக் கணக்கையும் புதிய அங்குலக் கணக்கையும் நேரடியாக ஒப்பிட முடியாது. கைக்கு அடங்குமா, அடங்காதா என்பதைத் தீர்மானிப்பது கருவியின் அகலமும் எடையும்தான். 2020-இல் வெளிவந்த ஐபோன் 12 மினியின் அகலம் 64.2 மில்லிமீட்டர், எடை 135 கிராம். அதே ஆண்டில் வெளிவந்த ஐபோன் 12 புரோ மேக்ஸின் அகலம் 78.1 மில்லிமீட்டர், எடை 228 கிராம். முன்னதில் கட்டைவிரல் திரையின் எதிர் ஓரத்தை எட்டிவிடும். பின்னதில் சராசரிக் கை கொண்டவர்கூடப் பிடியைத் தளர்த்தி, கருவியை விரல்களின் மேல் நகர்த்த வேண்டியிருக்கும். கைப்பேசி நழுவி விழுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஸ்டீவன் ஹூபர், பொது இடங்களில் 1,333 பேர் கைப்பேசியைக் கையாளும் விதத்தைக் கவனித்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார். கைப்பேசியின் திரையையோ பொத்தான்களையோ தொட்டு இயக்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் அதைப் பயன்படுத்தினர். மனிதர்கள் இயல்பாக நாடிய பிடி அது. அதன் பிறகு வந்த கருவிகள் அந்த இயல்பைப் படிப்படியாகக் கைவிட்டன. திரையின் மேற்பகுதியைக் கீழே இறக்கிக் காட்டும் 'ஒரு கை' வசதி மென்பொருளில் சேர்க்கப்பட்டது. வடிவமைப்பில் நேர்ந்த சிக்கலுக்கு மென்பொருளில் போடப்பட்ட ஒட்டு அது.

முயன்று பார்த்தவர்கள்

சிறிய கருவிக்குள் முழுத் திறனையும் அடக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2014-இல் சோனி வெளியிட்ட 'எக்ஸ்பீரியா இசட்1 காம்பாக்ட்' 4.3 அங்குலத் திரை கொண்டது. அதன் பெரிய உடன்பிறப்பில் இருந்த அதே சில்லும் அதே 20.7 மெகாபிக்சல் கேமராவும் அதிலும் இருந்தன. 2016-இல் வந்த முதலாம் ஐபோன் எஸ்இ, 4 அங்குல உடலுக்குள் ஐபோன் 6எஸ்-இன் சில்லைக் கொண்டிருந்தது. இந்தியாவில் முதன்முதலாக ஒருங்கிணைக்கப்பட்ட ஐபோன் அந்தச் சிறிய எஸ்இ-தான். 2017-இல் பெங்களூரில் விஸ்ட்ரான் நிறுவனம் அதைத் தயாரித்தது.

பின்னர், 5.4 அங்குலத் திரையுடன் ஐபோன் 12 மினியும் (2020), 13 மினியும் (2021) வந்தன. 2022-இல் மினிக்குப் பதிலாக 6.7 அங்குலத்தில் 'பிளஸ்' வந்தது. 2023 செப்டம்பரில் 13 மினியின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில் எஸ்இ வரிசைக்கு விடைகொடுக்கப்பட்டு, 6.1 அங்குல 16இ அதன் இடத்தைப் பிடித்தது. சோனியின் காம்பாக்ட் வரிசை 2018-உடன் நின்றுவிட்டது. 5.9 அங்குலத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்த ஆசூஸ் ஸென்ஃபோன் வரிசை, 2024-இல் 6.78 அங்குலத்துக்குத் தாவியது.

2022-இல் 'பெபிள்' கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி, சிறிய ஆண்ட்ராய்டு கைப்பேசி கேட்டு இணையத்தில் கோரிக்கை மனு ஒன்றைத் தொடங்கினார். 5.4 அங்குலத் திரை, தரமான கேமரா, நாள் முழுவதும் தாங்கும் மின்கலம் ஆகியவை அவரது நிபந்தனைகள். 50,000 பேர் ஆதரித்தால் ஏதேனும் ஒரு தயாரிப்பாளரை இணங்கச் செய்யலாம் என்பது அவரது எண்ணம். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டனர். பெரிய நிறுவனம் எதுவும் அப்படியொரு கருவியைக் கொண்டுவரவில்லை.

எங்கே இடறுகிறது?

தயாரிப்பாளர்கள் சொல்லும் முதல் காரணம் மின்கலம். இது உண்மையான காரணம் என்பதால் சற்று விளக்கமாகவே பார்க்க வேண்டும். 5.4 அங்குலத் திரையையும் 6.7 அங்குலத் திரையையும் ஒப்பிட்டால், மூலைவிட்ட நீளத்தில் வேறுபாடு கால் பங்குதான். பரப்பளவில் பெரியது ஏறத்தாழ 1.54 மடங்கு. திரைக்குப் பின்னால் உள்ள இடத்தில் கேமராவும் சில்லும் ஒலிபெருக்கியும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சிய இடம் முழுவதும் மின்கலத்துக்கு. ஆகவே, உடல் சுருங்கும்போது அதன் முழுச் சுமையும் மின்கலத்தின் மீதே விழுகிறது. 12 மினியில் மின்கலத்தின் கொள்ளளவு 2,227 மில்லிஆம்பியர் மணி. 12 புரோ மேக்ஸில் 3,687.

செலவு அதே விகிதத்தில் குறைவதில்லை என்பதுதான் சிக்கல். சிறிய திரைக்குக் குறைந்த மின்சாரம் போதும் என்றாலும், சில்லும் அலைவாங்கியும் பெரிய கருவியில் எவ்வளவு செலவிடுமோ அவ்வளவையே சிறியதிலும் செலவிடும். 5ஜி கோபுரம் தொலைவில் உள்ள மலைப் பகுதியில் அலைவாங்கி இன்னும் கூடுதலாக உழைக்கும். சில்லில் உருவாகும் வெப்பம் வெளியேறவும் சிறிய உடலில் பரப்பு குறைவு. நல்ல கேமராவுக்குப் பெரிய உணரி தேவை. பெரிய உணரிக்குத் தடிமன் தேவை.

இரண்டாவது காரணம் வணிகம். ஒரு புதிய கைப்பேசி வடிவத்துக்குத் தனி அச்சுகள், தனிப் பலகை, தனிச் சோதனைகள், பல ஆண்டுகளுக்கான மென்பொருள் பராமரிப்பு ஆகிய அனைத்தும் தேவை. குறைந்த எண்ணிக்கையில் விற்றால் இந்தச் செலவு ஈடாகாது. சிறிய கருவியில் திரையிலும் மின்கலத்திலும்தான் பொருட்செலவு சற்றுக் குறையும். மற்ற உறுப்புகளின் விலை மாறாது. வாங்குபவரோ சிறியது என்றால் விலை குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். இந்தியாவில் 69,900 ரூபாய்க்கு அறிமுகமான 12 மினியை, அதைவிட 10,000 ரூபாய் மட்டும் கூடுதலான ஐபோன் 12-க்குப் பக்கத்தில் வைத்தபோது, 'கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துப் பெரியதையே வாங்கிவிடலாம்' என்று பலர் நினைத்ததில் வியப்பில்லை.

ஒகேனக்கல் பரிசலை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் மட்டும் அமர்ந்து வலை வீசும் சிறு பரிசலும் உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய பரிசலும் உண்டு. சிறியது என்பதற்காக அதற்கு நைந்த மூங்கில் பிளாச்சுகளை யாரும் பயன்படுத்துவதில்லை. இரண்டுமே அதே ஆற்றின் அதே சுழல்களைத்தான் தாண்டியாக வேண்டும். அளவு வேலைக்கு ஏற்ப மாறும்; உறுதி மாறாது. கைப்பேசிச் சந்தையோ அளவையும் தரத்தையும் ஒரே ஏணியின் படிகளாக்கிவிட்டது. உயர்ந்த தரம் வேண்டுமென்றால் பெரியதை வாங்க வேண்டும்; சிறியது வேண்டுமென்றால் தரத்தில் இறங்கி வர வேண்டும்.

5 விழுக்காடு சொல்வது என்ன?

சிறிய கைப்பேசிக்குத் தேவை இல்லை என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று ஒன்று உண்டு. 2021 ஜனவரி முதல் பாதியில் அமெரிக்காவில் ஆப்பிள் விற்ற கைப்பேசிகளில் 12 மினியின் பங்கு 5 விழுக்காடு மட்டுமே என்று கவுன்டர்பாயின்ட் நிறுவனம் கணித்தது. இந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அதிலிருந்து பெறப்படும் முடிவு கேள்விக்குரியது.

முதலாவதாக, 12 மினி வந்த அதே ஆண்டின் ஏப்ரலில் 4.7 அங்குலத் திரை கொண்ட இரண்டாம் எஸ்இ வெளியாகியிருந்தது. அதன் விலையும் குறைவு. சிறிய கருவிக்காகக் காத்திருந்த பலர் அதை வாங்கி முடித்திருந்தனர். இரண்டாவதாக, அது கரோனா பெருந்தொற்றுக் காலம். வீட்டுக்குள் முடங்கியிருந்தவர்களுக்குக் காணொலிக் கூட்டமும் திரைப்படமும்தான் முதன்மைப் பயன்பாடு. கடைகள் பல மூடப்பட்டிருந்தன. எடையும் பிடியும் கையில் எடுத்துப் பார்த்தால் மட்டுமே புலப்படும். இணையப் பக்கத்தில் இரு கருவிகளை ஒப்பிடுபவர் கண்ணில் படுவது அங்குலமும் மில்லிஆம்பியரும் மட்டுமே. மூன்றாவதாக, ஆண்டுக்கு 20 கோடிக்கு மேற்பட்ட கைப்பேசிகளை விற்கும் நிறுவனத்துக்கு 5 விழுக்காடு என்பது ஒரு கோடி. அமெரிக்க விகிதம் உலகெங்கும் பொருந்தாமல் போகலாம். அதில் பாதி என்று கொண்டாலும் 50 லட்சம் பேர். வேறெந்தத் தொழிலிலும் இதைத் தேவையின்மை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆண்ட்ராய்டு தரப்பில் நிலைமை இன்னும் சுழற்சியானது. திறன் குறைந்த சிறிய கருவியைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். திறன் குறைவு என்பதால் மக்கள் அதை வாங்குவதில்லை. 'சிறிய கருவியை மக்கள் விரும்பவில்லை' என்று அறிக்கை எழுதப்படுகிறது. அடுத்த ஆண்டு அதுவும் நிறுத்தப்படுகிறது.

யாருடைய கை?

துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸெய்னப் துஃபெக்சி, 2013-இல் இஸ்தான்புல்லின் கெஸி பூங்காப் போராட்டத்தின்போது கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் படம்பிடிக்க முயன்றார். தம் கையின் அளவுக்குப் பெரிதான கைப்பேசியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படம் எடுக்க அவரால் இயலவில்லை. பெரும்பாலான ஆண்களால் எளிதாகச் செய்ய முடிவதைப் பெண்ணாகிய தம்மால் செய்ய முடியாதபடி கருவி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதினார். பெண்களின் கை சராசரியாக ஆண்களின் கையைவிடச் சிறியது. புதிய செய்தியன்று இது. ஆயினும், வடிவமைப்பு மேசையில் அது எடுபடுவதில்லை.

நம் நாட்டில் இதன் விளைவு இன்னும் ஆழமானது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்கள் ஏறக்குறைய 54 விழுக்காட்டினர். மறுபுறம், அரசின் திட்டங்கள் பெண் பணியாளர்களின் கைப்பேசியை நம்பியே இயங்கத் தொடங்கிவிட்டன. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை வெயிலில் நின்று தொழிலாளர்களைப் படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டியிருந்தது. அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் பதிகிறார்கள். ஒரு கையில் குழந்தையையோ பதிவேட்டையோ பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் கைப்பேசியை இயக்க வேண்டிய பணிகள் இவை. சேலையிலும் சுடிதாரிலும் பெரும்பாலும் பை இருப்பதில்லை. கால் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையுள்ள கருவியை நாள் முழுவதும் கையிலேயே சுமந்து திரிய வேண்டியிருக்கிறது.

முதியோரையும் மூட்டுவலி உள்ளோரையும் ஒரு கை இழந்தோரையும் இதே வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியர்களின் உடலளவுகளைத் திரட்டி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே நூலாக வெளியிட்டிருக்கிறது. அதில் கையளவுகளும் உண்டு. தரவு இல்லை என்ற காரணத்தை யாரும் சொல்ல முடியாது.

ஒகேனக்கல்லிலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக மலைச்சாலையில் சென்றால் ஓசூர் வட்டாரம் வந்துவிடும். அங்கேதான் டாடா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆலை ஐபோன்களுக்கான உறைகளைத் தயாரிக்கிறது. 2024-25 நிதியாண்டில் தமிழகத்தின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கைப்பேசிகளுடையது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்த உற்பத்தி வரிசைகளில் அமர்ந்திருப்போரில் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். நுண்ணிய உறுப்புகளைப் பொருத்துவதற்கு அவர்களது விரல்களின் நேர்த்தி வேண்டும் என்று கருதும் தொழில்துறை, பொருத்தி முடித்த கருவி அவர்களது கைக்கு அடங்குமா என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

பெரிய திரையின் நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, பெரிய திரைக்கும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நகரத்தின் நடுத்தர வர்க்கத்துக்குக் கைப்பேசி மூன்றாவது அல்லது நான்காவது திரை. கணினியும் தொலைக்காட்சியும் தனித்தனியே இருக்கின்றன. கிராமத்தின் பல வீடுகளில் கைப்பேசிதான் கணினி, அதுவே வகுப்பறை, அதுவே திரையரங்கு. 2020, 2021 ஆண்டுகளில் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் படித்தது அதில்தான். அந்த வீடுகள் பெரிய திரையைத் தேர்ந்தெடுப்பது அறியாமையால் அன்று.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடியும் பொத்தான், தமிழில் இரண்டு வரிகளுக்கு நீண்டுவிடும். ஆங்கிலத்துக்காக வடிவமைத்துவிட்டுப் பிறகு தமிழை ஊற்றும் செயலிகளில், சிறிய திரையில் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்துள்ளன. அகலம் குறைந்த திரையில் அந்த விசைகள் மேலும் ஒடுங்கிவிடும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பெரிய எழுத்து வேண்டும். பெரிய எழுத்துக்கு இடம் வேண்டும்.

எனவே, எல்லாக் கைப்பேசிகளும் சுருங்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. செருப்புக் கடையில் பல அளவுகள் இருப்பதைப் போலக் கைப்பேசிக் கடையிலும் தரம் மாறாமல் இரண்டு, மூன்று அளவுகள் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

மாறியிருக்கும் சூழல்

அந்தக் கோரிக்கைக்கு எதிராக இருந்த தொழில்நுட்பத் தடை இப்போது தளர்ந்து வருகிறது. லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்முனையில் வழக்கமாகப் பயன்படுவது கிராஃபைட். ஒரே எடையுள்ள கிராஃபைட்டைவிடச் சிலிக்கான் ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கவல்லது. ஆனால், மின்னேற்றத்தின்போது அது பல மடங்கு உப்பி, மீண்டும் சுருங்கும். அதனால் விரைவில் சிதைந்துவிடும். கார்பன் கட்டமைப்புக்குள் சிலிக்கானை அடக்கி, அந்த உப்புதலைத் தாங்கச் செய்யும் முறை 2023 முதல் கைப்பேசிகளில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது.

2025-இல் இந்தியாவில் வெளியான ஒன்பிளஸ் 13எஸ், 6.32 அங்குலத் திரையும் 71.7 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் மின்கலம் 5,850 மில்லிஆம்பியர் மணி. ஏறத்தாழ அதே அகலமுள்ள சாம்சங் கேலக்ஸி எஸ்25-இல் 4,000-தான். முன்னது சற்றே தடித்தது என்பதையும் கணக்கில் சேர்த்து, உடலின் கன அளவோடு வகுத்துப் பார்த்தாலும், ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் மின்னேற்றம் அதில் அடங்கியிருக்கிறது. இதே முறையை 65 மில்லிமீட்டர் அகல உடலுக்குள் கொண்டுவந்தால், மினி வரிசையின் மீது சொல்லப்பட்ட முதன்மைக் குறை பெருமளவு நீங்கும்.

ஆனால், தயாரிப்பாளர்கள் அந்தக் கூடுதல் இடத்தை அவ்வாறு பயன்படுத்தவில்லை. 6.3 அங்குலத்தையே 'காம்பாக்ட்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். சாம்சங்கின் 'இசட் ஃபிளிப்' போன்ற மடக்குக் கைப்பேசிகளும் இதற்குத் தீர்வாகக் காட்டப்படுகின்றன. அவை பையில் அடங்கும் என்பது உண்மை. விரித்துவிட்டால் அவையும் நெடிய கைப்பேசிகளே. 2020-இல் முதல் 'இசட் ஃபிளிப்' இந்தியாவில் 1,09,999 ரூபாய்க்கு வந்தது. மீன் கடைக்கும் பரிசல் துறைக்கும் உரிய விலையன்று அது.

செய்யக்கூடியவை

சிறிய கைப்பேசியைத் தயாரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்ற முடியாது, இயற்றவும் வேண்டியதில்லை. செய்யக்கூடியவை வேறு சில உண்டு.

முதலாவது, அரசுக் கொள்முதல். களப்பணியாளர்களுக்காக அரசு கைப்பேசிகளை மொத்தமாக வாங்கும்போது, நினைவகம், கேமரா, மின்கலம் ஆகியவற்றுக்கு வரையறை விதிக்கிறது. அகலத்துக்கும் எடைக்கும் உச்சவரம்பு விதித்து, இரண்டு அளவுகளில் ஒன்றைப் பணியாளரே தேர்ந்துகொள்ள இடமளித்தால், தயாரிப்பாளர் அஞ்சும் எண்ணிக்கைக் குறைவு ஒரே ஒப்பந்தத்தில் பெருமளவு தீரும்.

இரண்டாவது, உற்பத்தி ஊக்கத்தொகை. 2020-இல் அறிவிக்கப்பட்ட பெரிய அளவிலான மின்னணு உற்பத்திக்கான திட்டத்துக்கு ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கூடுதல் விற்பனையைக் கணக்கிட்டு அதற்கு 4 முதல் 6 விழுக்காடு வரை ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. மக்களின் வரிப்பணத்தில் அடுத்து வரும் திட்டங்களில், இந்தியக் கையளவுகளுக்கேற்ற வடிவமைப்புக்கென்று ஒரு சிறு பங்கைத் தனியே வைப்பதில் தவறில்லை.

மூன்றாவது, காலம். ஏழு ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடு தருவதாகக் கூகுள் 2023-இலும் சாம்சங் 2024-இலும் சில வரிசைகளுக்கு உறுதியளித்தன. ஒரு கருவி ஏழு ஆண்டுகள் உழைக்கும் என்றால், சிறிய கைப்பேசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு நல்ல சிறிய கருவியை வெளியிட்டால் போதும், செலவும் ஈடாகும்.

நான்காவது, தகவல். விற்பனைத் தளங்களும் விளம்பரங்களும் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அகலத்தையும் எடையையும் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். அரசுச் செயலிகளைத் தமிழில் வெளியிடும்போது, சிறிய திரையில் எழுத்துகள் வெட்டுப்படாமல் தெரிகின்றனவா என்று சோதித்த பிறகே பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு கருவி கைக்கு ஒவ்வாதபோது, மனிதர் அதற்கேற்பத் தம்மைப் பழக்கிக்கொள்கிறார். விரலை நீட்டி, பிடியைத் தளர்த்தி, இரண்டாவது கையையும் கொடுத்துச் சமாளிக்கிறார். அந்தச் சமாளிப்பையே மனநிறைவு என்று சந்தை எழுதிவைத்துக்கொள்கிறது. சிறிய கைப்பேசி கேட்பவர்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. முழு விலையைக் கொடுத்து முழுமையான கருவியைக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கைத் தயாரிப்பாளருக்குப் புரியவைக்க, கைப்பேசி செய்யும் மாநிலமாகவும் அதைப் பெருமளவில் வாங்கும் மாநிலமாகவும் இருக்கும் தமிழகத்துக்கு வாய்ப்பு இருக்கிறது. அடுத்த கொள்முதல் அறிவிப்பில் அகலத்துக்கும் எடைக்குமாக ஒரு வரியைச் சேர்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.